நேர்வாய்க்கு மூன்று நிமிடம்

காலை பத்து மணிக்கு நிலையத்தைத் திறந்ததும் நான் செய்கிற முதல் வேலை தராசைத் துடைப்பது. பெயர்தான் தராசு, உண்மையில் அது சுவரில் மாட்டிய ஒரு திரை. ஒரு படிப்பின் பெயரைச் சொன்னால் போதும், அதற்கு ஆகும் கடன் சிவப்புக் கோடாகவும் படித்தபின் வரப்போகிற சம்பளம் பச்சைக் கோடாகவும் எழும். பத்து வருடத்துக்குள் கடன் அடையும் என்று காட்டினால் பணம் கிடைக்கும். இல்லாவிட்டால் கிடையாது. கோவில்பட்டிக் கல்விக்கடன் நிலையத்தில் இருபத்தெட்டு வருடமாக இந்தக் கோடுகளைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆட்கள் அதிகம் வருவதில்லை. அவர்களுடைய பேச்சாள் பேசிக்கொள்ளும். மிளகு அளவில் காதுக்குள் இருக்கும் அந்தக் கருவி, நம் குரலிலேயே, நம்மைவிட மரியாதையாக, நமக்காக எல்லாவற்றையும் பேசி முடித்துவிடும். வீட்டு வாடகையிலிருந்து பெண் பார்ப்பது வரை அதன் பொறுப்பு. நிலையத்தின் பேச்சாளும் குடும்பத்தின் பேச்சாளும் பேசிக்கொண்டிருக்க, நான் டீ குடிப்பேன். சுகமான உத்தியோகம்.

அன்று செண்பகா நேரிலேயே வந்து நின்றாள். பதினெட்டு வயது. கையில் நான்காக மடித்த ஒரு காகிதம்.

“என்ன படிப்பும்மா?”

“தொடர்பியல் சார்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரே பேச்சாளிடம் வாயைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. இவள் பேசப் படிக்கப் போகிறாளாம்! தராசு ஈவிரக்கமில்லாமல் காட்டியது. கடன் நாற்பது லட்சம். அடைக்கப் பதினாறு வருடம்.

“அது விடுதியோட சேர்த்து சார்,” என்று காகிதத்தைப் பிரித்தாள். “மதுரைக்கு வீட்டுல இருந்தே போயிட்டு வந்தா இருபத்தாறு லட்சந்தான். இதப் படிச்சவங்களுக்குக் கோர்ட்டுலயும் ஆஸ்பத்திரியிலயும் மட்டுந்தான் வேலை, அங்க மட்டும் மனுசங்கதான் பேசணும்னு சட்டம். அந்தச் சம்பளத்துக்குப் பத்து வருசம் அஞ்சு மாசம் ஆகும். நானே போட்டுப் பார்த்தேன்.”

தராசிலும் சரியாக அதே கணக்கு வந்தது.

“அஞ்சு மாசம் இடிக்குதேம்மா.”

“அந்த அஞ்சு மாசத்துக்குத்தான் சார் நேர்வாய் கேட்டு வந்தேன்.”

விதியில் அப்படி ஒரு சந்து உண்டு. தராசு மறுத்த விண்ணப்பதாரர், பேச்சாளை அணைத்துவிட்டு அதிகாரியிடம் மூன்று நிமிடம் தன் வாயால் பேசலாம். அதிகாரிக்குத் திருப்தி என்றால் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடலாம். கடன் வாங்கியவர் கட்டாமல் போனால் கடனில் பத்தில் ஒரு பங்கு அதிகாரியின் ஓய்வூதியத்தில் பிடிக்கப்படும். எனக்கு ஓய்வு பெற மூன்று வருடம்தான் இருந்தது. அதனால் நான் இதுவரை யாருக்கும் போட்டதில்லை.

இருவரும் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தோம். தராசில் கடிகாரம் ஓடத் தொடங்கியது.

அவள் கடனைப் பற்றிப் பேசவில்லை. என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த படத்தையே பார்த்தாள். “இவங்க யாரு சார்?”

“எங்கண்ணன். சோலையப்பன். சாத்தூர்ல இருக்காரு.”

“அடிக்கடி போவீங்களா?”

இல்லை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஆறு வருடத்துக்கு முன் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையில் என் பெயர் இல்லாததைச் சொன்னேன். கூடப்பிறந்தவன் பெயர் இல்லை, மூன்று விட்ட பங்காளிகள் பெயரெல்லாம் இருந்தது. நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் என் பேச்சாள் அவருடைய பேச்சாளிடம் நலம் விசாரிக்கும், அதுவும் பதிலுக்கு விசாரிக்கும். இதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். இந்த வயதில், ஒரு சின்னப் பெண் முன்னால்.

அவள் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். “பத்திரிகைல பேர் போட்டது யாரு சார்? உங்கண்ணனா, அவங்க பேச்சாளா?”

ஆறு வருடமாக இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

மணி அடித்தது. திரையில் எழுத்துகள் வந்தன: ‘விண்ணப்பதாரர் பேசியது பதினான்கு வினாடி. அதிகாரி பேசியது இரண்டு நிமிடம் நாற்பத்தாறு வினாடி. மறுக்கப் பரிந்துரை.’

“வெளிய இரும்மா,” என்றேன். முகம் வாடிப்போய் எழுந்து போனாள்.

கருவியை மாட்டாமல் மேசைத் தொலைபேசியில் அண்ணன் எண்ணைப் போட்டேன். அவர் பேச்சாள் எடுத்து, ஐயா நலமாக இருக்கிறார் என்றது. ஐயாவைக் கூப்பிடு என்றேன். வெகுநேரம் கழித்து இருமல் சத்தம் கேட்டது.

“யாரு?”

“நான்தாண்ணே.”

“ஏன்டே, உன் பேச்சாளுக்கு ஒடம்பு சரியில்லையா?”

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பத்திரிகையைப் பற்றிக் கேட்டேன்.

“பேரா? அத யாருடே பாத்தா? அடிச்சது, குடுத்தது எல்லாம் என் பேச்சாள்தான். அஞ்சு வருசத்துல அது மூலமா யார் யார் அதிகமாப் பேசினாங்கன்னு எண்ணிப் போட்டுச்சாம். நீதான் அதுல பேசாம நேரா வீட்டுக்கே வந்துருவியே, அது கணக்குல சேரலையாம். பந்தில உனக்கு எலை போட்டு வச்சிருந்தேன்டே. கடைசிப் பந்தி வரைக்கும் எடுக்க விடல.”

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

விண்ணப்பத்தின் காரணம் கட்டத்தில், ‘கேட்கத் தெரிந்தவர்’ என்று எழுதினேன். இது வருமானத்தில் சேராது என்று தராசு எச்சரித்தது. சேராவிட்டால் போகட்டும். அந்த ஐந்து மாதம் என் ஓய்வூதியத்தைக் கடித்தாலும் கடிக்கட்டும் என்று கையெழுத்தைப் போட்டேன். மனம் நிறைந்திருந்தது.

கதவைத் திறந்தேன். செண்பகா சட்டென்று எழுந்தாள். கையிலிருந்த காகிதம் வியர்வையில் நனைந்திருந்தது. கடன் கிடைத்ததா என்றுதான் கேட்பாள் என்று நினைத்தேன்.

“அண்ணன் என்ன சார் சொன்னாங்க?” என்றாள்.