இருபத்தெட்டு டிகிரி

செத்தவருடைய கார் லிஃப்ட்டில் ஏறி நின்றது.

பின் பம்பரில் இன்னும் ரத்தக்கறை!

"நீ ரிப்பேர் பண்ண லட்சணத்தைப் பாத்தியா?" செத்தவரின் தம்பி மெக்கானிக்கின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "போன வாரம்தான் உன்கிட்ட கியர்பாக்ஸ் வேலைக்கு விட்டோம். முந்தாநாள் அண்ணன் மூணு மணி நேரம் ஓட்டிட்டு வீட்டுக்கு வந்தார். என்ஜினை அணைக்காம கேட்டைச் சாத்த இறங்கினார். பார்க்கிங் கியர்ல போட்ட வண்டி தானா ரிவர்ஸ்ல வந்து நசுக்கிடுச்சு!"

"விடுங்க தம்பி..." செத்தவரின் மனைவி தடுத்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. "அவரும் புள்ளகுட்டிக்காரர். வேணும்னேவா செஞ்சிருப்பார்?"

இன்ஸ்பெக்டர் மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஸ்கேனரை மாட்டு. தப்பு உன்னுதுன்னா நேரா ஜெயில்தான்."

மெக்கானிக் ஸ்கேனரை மாட்டினான்.

கியர் ஆயில் பிரஷர் சரியாக இருந்தது. அடுத்து, கியர்பாக்ஸின் மூளையான கண்ட்ரோல் மாட்யூல். திரையில் சிவப்பு எழுத்து...

கியர் பொசிஷன் சென்சார்: இணைப்பு இல்லை!

டார்ச் அடித்தான். எந்த கியரில் இருக்கிறது என்று மாட்யூலுக்குச் சொல்கிற வயர் கழன்று தொங்கியது.

அடக் கடவுளே... நான்தான் மாட்ட மறந்துட்டேனா?

"அப்புறம் என்ன? ஜீப்ல ஏறு!"

"ஒரே நிமிஷம் சார்! வயர் கழண்டப்போ ஆயில் எவ்வளவு சூடுன்னு மாட்யூல்ல பதிவாகியிருக்கும்."

தட்டினான்.

28 டிகிரி.

போன உயிர் திரும்பி வந்தது.

"சார்! மூணு மணி நேரம் ஓடின வண்டின்னா தொண்ணூறு டிகிரி இருக்கணும். இது நல்லா ஆறிப்போன வண்டி!"

"காலையில கிளம்பறப்பவே கழண்டிருக்கலாமே?"

"கிலோமீட்டரும் பதிவாகியிருக்கு சார். இப்ப மீட்டர்ல என்ன இருக்கோ அதேதான். இங்க ட்ரக்ல ஏத்தித்தானே கொண்டு வந்தீங்க? அப்போ அவர் செத்து, வண்டி ஆறின பிறகுதான் யாரோ வயரைப் பிடுங்கி, கோளாறு காட்டுதான்னு சாவியைப் போட்டுப் பாத்திருக்காங்க. அவர் சாகறப்போ வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. யாரோ உள்ள உக்காந்து ரிவர்ஸ் போட்டிருக்காங்க!"

இன்ஸ்பெக்டரின் பார்வை தம்பி மேல் பாய்ந்தது.

"என்னை ஏன் சார் முறைக்கறீங்க? அண்ணனைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவன், நேத்து சாயங்காலம் பாடியோடதான் வீட்டுக்கே வந்தேன். அதுக்குள்ள நீங்க ட்ரக்ல ஏத்திட்டீங்களே!"

"அதுவரைக்கும் கார் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

தம்பி மெல்லத் திரும்பினான்.

"அண்ணி... உங்ககிட்டதானே குடுத்தேன்?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்தச் சனியன்... இதையெல்லாமா எழுதி வைக்கும்?"

"வைக்கும்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "எங்க ஏட்டய்யாவைவிட ஒழுங்கா எழுதுது!"