கேட்குது மேடம்

கொள்ளைநோய்க்காக மூடிய கல்லூரி திறந்து மூன்றாம் நாள் மதியம், நர்சிங் மாணவிகள் இருவர் பயிற்சிக்கூடத்தின் கதவைத் தள்ளினார்கள். எலும்பும் தோலுமாக இருந்தவளுக்குக் கல்லூரியில் ஒல்லி என்று பெயர். உருண்டையாக இருந்தவளுக்குப் பட்டாணி. காற்றுப் புகாத அறையில் பழைய ரப்பர் வாடை. ஜன்னலோரம் கட்டில். அதில் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தது பயிற்சிப் பொம்மை.

“ரெண்டு வருஷமா இவரு ஒருத்தர்தான்டி ஒழுங்கா காலேஜுக்கு வந்திருக்காரு,” என்றாள் பட்டாணி.

“நாளைக்கு பிராக்டிகல். சிரிக்காதே.”

“சிரிக்காம? போன்ல நீச்சல் படிச்சுட்டு நேரா கடல்ல குதிக்கப் போறோம். நான் ஊசி போட்டுப் பழகினது தலையணைக்கு. பாவம், ஒரு தடவைகூட கத்தலை.”

“கிளாஸையாவது கவனிச்சியா?”

“கேமராவை அணைச்சுட்டுத் தூங்கினேன். நாளெல்லாம் திரையையே பார்த்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்? நம்ம மேடம் பாவம், இந்தப் பொம்மையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு இங்கேயே தனியா நின்னு கத்துவாங்க.” பட்டாணியின் குரல் தணிந்தது. “கிளாஸ் முடிச்ச பிறகுதானே மயங்கி விழுந்தாங்க?”

“அப்படித்தான் சொன்னாங்க.”

ஒல்லி ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிப் பொம்மையின் மார்பில் வைத்தாள். ஒன்றுமில்லை. ரப்பருக்குள் என்ன இருக்கும்?

பிறகு, இழுத்தது.

ஈரமான மூச்சு. உள்ளே போக வழியில்லாமல் முட்டி, திரும்பி, மறுபடியும் முட்டியது.

“பட்டாணி, நீ வச்சுப் பாரு.”

பட்டாணி வைத்தாள். உதட்டைப் பிதுக்கினாள். “ஒண்ணுமில்லையே. ஏன்டி உனக்கு இப்படி வேர்க்குது?”

ஒல்லி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்கு நான் தூங்கலை. சினிமா பார்த்துக்கிட்டு இருந்தேன். கிளாஸ் ஒரு ஓரமா ஓடிச்சு. நடுவுல மேடம் இருமினாங்க. ‘எனக்கு முடியலைம்மா, யாராவது இருக்கீங்களா, கேட்குதா’ன்னாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“‘கேட்குதா’ங்கிறது மட்டும்தான் காதுல ஏறிச்சு. எப்பவும் கேட்கிறதுதானேன்னு ‘கேட்குது மேடம்’னு தட்டி அனுப்பினேன். மூணு தடவை கேட்டாங்க. மூணு தடவையும் அதையே அனுப்பினேன். படம் முடிஞ்ச பிறகுதான் அவங்க சொன்னது முழுசா மண்டையில உறைச்சுது.”

“அப்புறம்?”

“அப்புறம் சத்தமே இல்லை. வாட்ச்மேன் சாயங்காலம் வந்துதான் பார்த்தாராம்.”

பட்டாணி கதவுப் பக்கம் பார்த்தாள்.

“மேடம் வீட்டுல யாருக்காவது தெரியுமா?”

“துக்கம் கேட்கப் போனப்போ அவங்க பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘அம்மா யாரையும் கூப்பிடாமலேயே போயிட்டாங்களேக்கா’ன்னு அழுதா. நான் தலையாட்டினேன்.”

“இப்பவும் வாயை மூடிக்கோ. நாளைக்கு சார் கேட்டா நார்மல்னு சொல்லு. பொம்மைக்கு அதுதான்டி விடை. பாஸானா திங்கக்கிழமை வார்டு. போனவங்க போயிட்டாங்க.”

மறுநாள் காலை. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளருக்கு அன்றைக்கு முப்பது பேரைப் பார்த்து முடிக்கவேண்டிய அவசரம்.

“வைம்மா. என்ன கேட்குது?”

அதே மூச்சு. நேற்றைவிடப் பலவீனமாக.

‘நார்மல்’ நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

“திணறுது சார்,” என்றாள் ஒல்லி. அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. “உடனே யாரையாவது கூப்பிடணும்.”

“பொம்மைக்கா?” தேர்வாளர் சிரித்தபடி ஸ்டெதாஸ்கோப்பை வாங்கி வைத்துக் கேட்டார்.

சிரிப்பு வற்றியது.

“இதுக்குள்ள பேட்டரி ஏதாவது இருக்கா?”

“இல்லை சார்,” என்றாள் லேப் உதவியாளர் அக்கா. “பழசு. வெறும் ரப்பர்.”

அவர் இன்னும் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“ஒரு அம்மா குரல். அட்டெண்டன்ஸ் எடுக்கிறாங்க.”

அவர் விரல்விட்டு எண்ணினார்.

“பதினாறு நம்பர் கூப்பிட்டாச்சு. யாருமே பதில் சொல்லலை.”

மதிப்பெண் தாளைப் புரட்டினார். ஒல்லியை ஏறிட்டுப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பை அவளிடம் நீட்டினார்.

“பதினேழு நீதானேம்மா? அங்கேயே நின்னுட்டாங்க. உன்னையேதான் கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்க.”