நெஞ்சு காய்ச்சிருக்கு!

அறுப்பின் பண்டிகை நெருங்கிவிட்டது. அவரவர் வீட்டில் விளைந்ததை ஆலயத்துக்குக் கொண்டுபோய்ப் படைக்கும் நாள் அது.

"உங்க வீடுகள்ல இப்போ என்னென்ன காய்ச்சிருக்கு?" என்று வகுப்பில் ஜேசுதாஸ் சார் கேட்டார்.

"மாங்கா, சாரே!"

"எங்க வீட்டுப் பலாவுல சக்கை!"

எலிசாவின் வீட்டில் ஒரு முருங்கைகூடக் கிடையாது. அவள் அப்பா செல்வதாஸ், ஊரார் பனைகளில் ஏறிப் பதநீர் இறக்குபவர். ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில் அவள் வாய் முந்திக்கொண்டது.

"எங்க அப்பாவுக்கு நெஞ்சு காய்ச்சிருக்கு, சாரே!"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சார்கூட, பாவம், இருமுவதுபோல் நடித்தார்.

அவள் சொன்னது பொய்யில்லை. நாள்தோறும் பனையைக் கட்டிக்கொண்டு ஏறினால், உரசும் இடமெல்லாம் தோல் தடித்து இறுகிக் காய்த்துவிடும். இறுகாவிட்டால் மரத்தின் சிராய் கிழித்து ரத்தம் வரும். ஆனால் இதையெல்லாம் சொல்ல யார் விட்டார்கள்?

"ஏட்டி, எனக்கு ஒரு நெஞ்சுக்காய் தாயேன்!" என்றான் ஜெயசிங். எலிசாவுக்குக் காதெல்லாம் எரிந்தது.

மாலையில் தெருவில் அப்பா எதிரே வந்தார், சட்டை போடாத வெறும் மேலோடு.

"நெஞ்சுக்காய் வருது!" என்று ஜெயசிங் கத்தினான்.

"மக்கா!" என்று அப்பா கூப்பிட்டார். எலிசா கேளாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். ஓரக்கண்ணால் பார்த்தபோது, அவர் தோள் துண்டை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சே, நானெல்லாம் ஒரு பிள்ளையா என்று வெட்கமாக இருந்தது. வகுப்பில் பட்ட வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில், அப்பா பனையில் ஏறுவதைப் பார்த்தாள். நெஞ்சைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். பாதி மரத்தில் அந்தத் துண்டு சிராயில் மாட்டி இழுக்க, அவர் கால் வழுக்கியது. எப்படியோ மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

எலிசாவுக்கு உயிர் போய் வந்தது. கூட வந்த பிள்ளைகளை அவள் நினைக்கவே இல்லை.

"அப்பா! துண்டைக் கழத்திப் போடுங்க!"

"பிள்ளையளெல்லாம் நிக்குதே, மக்கா!"

"நிக்கட்டும்! நீங்க கழத்துங்கப்பா!"

துண்டு கீழே வந்து விழுந்தது. சற்று நேரத்தில் அப்பாவும் பத்திரமாக இறங்கி வந்தார். எலிசா ஓடிப்போய் அவர் நெஞ்சில் சாய்ந்துகொண்டாள்.

"ஏட்டி, முகத்துல குத்தும்."

"குத்தட்டும்."

ஜெயசிங் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். நன்றாகப் பார்க்கட்டும்!