பச்சையா, பிரவுனா?

“கலர் தெரியலைன்னு வாயைத் திறந்து ஒரு தடவை கேட்டா என்ன, தலையில இருக்கிற கிரீடம் கழண்டு விழுந்துடுமா?” என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

“கேக்க மாட்டேன், டீச்சர்,” என்று சிரித்தான் அவள் கணவன். “நான் வாய்விட்டுக் கேட்டேன்னா, அன்னிக்கு நான் உயிரோட இல்லைன்னு வெச்சுக்க.”

பச்சையும் பிரவுனும் அவன் கண்ணுக்கு ஒரே சேற்று நிறம். நாள் முழுக்க நெட்வொர்க் வயர் இழுக்கிறவனுக்கு அது எப்பேர்ப்பட்ட குறை! ஒரு பிளக்குக்குள் எட்டு வயர். இரண்டு இடம் மாறினாலும் லைன் செத்துவிடும். விஷயம் மனைவிக்கு மட்டுமே தெரியும். இருவரும் சேர்ந்துதான் வேலைக்குப் போவார்கள். தப்பைத் திருத்துகிறவள் என்பதால் அவளுக்கு ‘டீச்சர்’ என்று பெயர்.

அவர்கள் வழக்கமாக வேலைக்குப் போன ஒரு அலுவலகத்தில் இரண்டு கட்டடங்கள். நடுவே மண்ணுக்கடியில் ஃபைபர். இரு முனையிலும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கன்வெர்ட்டர். ஃபைபரில் வரும் ஒளியைச் செம்பு வயருக்கு மாற்றித் தரும். அந்தப் பக்கம் அவன் வயரைப் பிடுங்கினால் இந்தப் பக்கம் பச்சை விளக்கு அணையும். மூன்று முறை அணைந்து எரிந்தால், ‘வந்து கலரைப் பாரு’ என்று அர்த்தம். தண்ணீர் பாட்டில் கொடுக்கிற சாக்கில் அவள் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

கடைசி நாளும் விளக்கு மூன்று முறை அணைந்தது. காலையில் வீட்டுச் சாவியை யார் மறந்தது என்று சண்டை. ‘இன்னிக்காவது வாயைத் திறந்து கேக்கட்டும்’ என்று அவள் உட்கார்ந்தே இருந்தாள். அன்று அவன் கையில் இருந்தது நெட்வொர்க் வயர் இல்லை, புதிய பிளக்குக்கான கரண்ட் வயர். பச்சை எர்த். பிரவுனில் கரண்ட்.

அது நடந்து ஒரு வருஷம். இன்று அதே அலுவலகத்தின் பழைய சாமான்களைக் கழற்ற அவள் தனியாக வந்திருந்தாள். ஜன்னல் இல்லாத அறை, தூசியும் பழைய ரப்பரும் கலந்த வாடை, நெற்றியில் கட்டிய டார்ச் வெளிச்சம் போகிற இடமெல்லாம் கூடவே நகரும் வயர்களின் நிழல். நாலு மணிக்கு மகளைப் பள்ளியிலிருந்து அழைக்க வேண்டும். அந்தக் குழந்தைக்கு இனி இவள் ஒருத்திதான்.

எல்லாப் பெட்டிகளும் இருண்டு கிடந்தன. ஒன்றைத் தவிர. மூலையில் அந்தக் கன்வெர்ட்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எலெக்ட்ரீஷியனுக்கு ஃபோன் போட்டாள்.

“தம்பி, மெயினை ஆஃப் பண்ணிட்டீங்களா?”

“எப்பவோ பண்ணியாச்சுக்கா. ஃபியூஸு என் சட்டைப் பையிலதான் இருக்கு, குலுக்கிக் காட்டவா?”

“இல்ல... அந்தப் பக்கத்துக் கட்டடத்துல ஏதாவது லைன் இருக்கா?”

“எந்தக் கட்டடம்? அதை இடிச்சுத் தரைமட்டமாக்கி ஆறு மாசம் ஆச்சேக்கா! டீ சாப்பிட்டீங்களா இல்லையா?”

கன்வெர்ட்டரின் கரண்ட் வயரைப் பிடுங்கினாள். அப்போதும் விளக்கு எரிந்தது. ஃபைபரை உருவி, அதன் முனையை ஃபோன் கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் ஊதாப் புள்ளியாக நின்றது. யாரோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இல்லாத கட்டடத்திலிருந்து.

புள்ளி அணைந்தது. எரிந்தது.

அணைந்தது. எரிந்தது.

அணைந்தது.

சுவருக்குள் ஏதோ உரசியது. குழாய்க்குள் வயர் நழுவும் ஓசை. எத்தனையோ வருஷம் கேட்டுப் பழகிய ஓசைதான். ஆனால் யாரும் இழுக்கவில்லை. சுவரில் பிளக் செருகும் போர்ட்டின் மூடி மெல்ல நெட்டித் தள்ளப்பட்டுத் தரையில் விழுந்தது. ஓட்டை வழியே செம்பு வயர் ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாக, அவள் பக்கம் நீண்டது. நுனியில் புதிதாகப் போட்ட பிளக். சூடு ஆறவில்லை. கருகிய வாடை. டார்ச் வெளிச்சத்தில் உள்ளே எட்டு வயர்களும் தெளிவாகத் தெரிந்தன. பச்சை இருக்க வேண்டிய இடத்தில் பிரவுன். பிரவுன் இடத்தில் பச்சை.

அந்தத் தப்பை உலகத்தில் ஒருவன்தான் செய்வான்.

கதவு இரண்டே எட்டில் இருந்தது. திறந்துதான் இருந்தது. ஓடிவிடலாம். மகள் காத்திருப்பாள். ஓடிவிடலாம்.

போன தடவையும் போகவில்லையே.

கால் கதவுப் பக்கம் திரும்பவில்லை.

டார்ச் மங்கியது. அணைந்தது. பச்சை விளக்கும். சுவர் எங்கே, கை எங்கே, எதுவும் தெரியவில்லை. ஓட்டைக்குள்ளிருந்து மூச்சு மட்டும். மிக அருகில். அவள் கையை நீட்டினாள்.

“ஏங்க,” என்றாள். “நான்தான். வந்துட்டேன்.”

உள்ளங்கையில் இரண்டு முனைகள் வந்து அமர்ந்தன. தோல் சீவிய, தடித்த, வெறும் செம்பு. ஒன்று சும்மா குளிர்ந்திருந்தது. இன்னொன்று மெல்ல ரீங்கரித்தது. விரல்களை யாரோ ஒவ்வொன்றாக மடக்கினார்கள், வீட்டுச் சாவியைக் கொடுத்து மூடுவதுபோல, அத்தனை பிரியமாக.

இருட்டில் அவளுக்கும் எல்லாம் ஒரே நிறம்.

“கலர் தெரியல, டீச்சர்,” என்றது அந்தக் குரல், முதல் முறையாக வாய்விட்டு. “பாத்துச் சொல்லேன்.”