கூப்பிட்டால் இறங்கும் பறவை

"யாருங்க அது? கொஞ்சம் வாயை மூடறீங்களா?"

மூடுபனிக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் சீறியது. கோரலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்திரேலியாவை அடுத்த லார்ட் ஹோவ் தீவிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். கோவர் மலை உச்சியில் நின்று அவளையே வாயை மூடச் சொல்ல ஒருத்தனா?

அப்படி என்ன குற்றம் செய்துவிட்டாள்? கைகளைக் குவித்து 'ஊ... ஹூ... ஹூ...' என்று கூவினாள், அவ்வளவுதான். குளிர்காலப் பிற்பகலில் கடலிலிருந்து திரும்பும் மலைப்பறவைகள் அந்தக் கூவலைக் கேட்டால் போதும், வானத்திலிருந்து பொத்துப் பொத்தென்று காலடியில் வந்து விழும். அவளுடைய அப்பா கூவுவார், அவருடைய அப்பாவும் கூவினார். ஒருவர் கூவும்போது மற்றவர் சும்மா இருப்பதுதான் மலையின் மரியாதை.

பனி விலகியது. சேற்றில் மண்டியிட்டு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, ஒரு டேப் ரெக்கார்டரை மழைக்கோட்டால் போர்த்தியபடி இருந்தான் அவன். இமைகளில் மழைத்துளிகள்... அதற்குக் கீழே சாம்பல் நிறக் கண்கள். கோபமாகப் பார்க்கத் தெரியாத கண்கள், பாவம்!

"காலைலேர்ந்து பறவைங்க குரலுக்காகக் காத்துக் கிடக்கேன். இப்ப டேப் பூரா நீங்கதான் இருக்கீங்க!"

"அப்ப நல்லாத்தான் இருக்கும். போட்டுக் கேளுங்க!"

அதற்குள் ஒரு பறவை தொப்பென்று விழுந்து, தட்டுத்தடுமாறி எழுந்து, அவள் பூட்ஸ் மேலேயே ஏறி நின்றது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்... கோரலிக்கு அன்றிலிருந்து சரியாகத் தூக்கமே இல்லை.

கடல் விமானம் காயலில் வந்து இறங்கிய காலம் அது. ஓதம் ஏறிக் காயலில் நீர் உயர்ந்தால்தான் விமானம் வரும், விமானம் வந்தால்தான் புதுமுகம் வரும். அப்படி டாஸ்மேனியாவிலிருந்து வந்து இறங்கியவன்தான் ரோவன். கூடாரம் மலையுச்சியில். குளியலும் சாப்பாடும் மட்டும் எப்போதாவது கோரலியின் அப்பா கிளாரி நடத்திய விடுதியில். கிளாரி விருந்தாளிகளை மலையேற்றும் நாட்களில் எல்லாம் கோரலிக்கும் மலையில் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும்! பையில் பொரித்த மீனும் ஸ்கோன் ரொட்டியும் ஒருவருக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

"பொண்ணுப் பறவை மேலயே சுத்திக்கிட்டு இருக்கும்" என்றான் ஒருநாள், ஸ்கோனை மென்றுகொண்டே. "ஆண் பறவை கீழ வளைக்குள்ள உட்கார்ந்து கூப்பிடும். எத்தனையோ குரல்... அதுல ஒண்ணுக்குத்தான் அவ இறங்குவா. அழகு, நிறம், ஒண்ணும் பார்க்கமாட்டா. குரல் மட்டும்தான்."

"குரல் நல்லா இல்லாதவன் கதி?"

"அடுத்த வருஷமும் வருவான். அதே இடத்துக்கு வந்து, திரும்பவும் கூப்பிடுவான்."

"சரியான மானங்கெட்டவன்!" என்று சிரித்தாள். "சரி, நீங்க கூப்பிடுங்க, பார்ப்போம்."

அவன் கூவினான். ஐயோ, அது கூவலா! தொண்டையில் முள் சிக்கியவன் உதவிக்கு அழைப்பது போல் இருந்தது. வட்டமிட்ட பறவைகள்கூடத் திசை மாறிப் போயின. கோரலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான் அவன். மழை கொட்டியது. இரண்டு பேருக்கும் அது உறைக்கவே இல்லை.

எல்லாம் அந்தச் சனிக்கிழமை நடன இரவு வரைக்கும்தான். ஊரே கூடியிருந்த மண்டபத்தில் ரோவன் வந்து கோரலியின் முன் கையை நீட்டினான். கிளாரி விடவில்லை.

"தம்பி, ஒரு பறவையைக்கூட இறக்கத் தெரியாதவனுக்கு இந்தத் தீவுல பொண்ணு இறங்கி வரமாட்டா!"

மண்டபமே அதிரச் சிரித்தது. கோரலியும் சிரித்துத் தொலைத்தாள். சிரிக்காவிட்டால் மனசு முகத்தில் தெரிந்துவிடுமோ என்ற பயம்... வேறொன்றும் இல்லை. நீட்டிய கையை அவன் மெல்ல மடக்கிக்கொண்டான். அவள் முகத்தை ஒருமுறை பார்த்தான். போய்விட்டான்.

அடுத்த ஓதத்துக்கு வந்த விமானத்திலேயே ரோவன் கிளம்பினான். வழியனுப்ப ஊரே காயலோரம் போனது, அதுதான் தீவின் வழக்கம். கோரலி மட்டும் சைக்கிளை எதிர்த்திசையில் மிதித்தாள். 'போனா போகட்டும், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவன்...' என்று தனக்குத்தானே திட்டிக்கொண்டாள். தலைக்கு மேல் விமானம் இரைந்து போனபோது சைக்கிளைப் போட்டுவிட்டு அழுதாள்.

மறு குளிர்காலம் வந்தது. மலையில் வழக்கம்போல விருந்தாளிகள், வழக்கம்போலப் பனி. கிளாரி முன்னால் நடந்தார். "நீயே கூப்பிடு கோரலி. போன வருஷத்துல இருந்து உன் சத்தமே கேக்கல வீட்டுல" என்றார். அவள் கைகளைக் குவித்தாள்.

அதற்குள் பனிக்குள்ளிருந்து ஒரு கூவல்.

"ஊ... ஹ்ஹ்... ஹூ..."

"அடக் கடவுளே, யாரோட ஆடு இது?" என்றார் கிளாரி.

அவள் காதில் அது விழவே இல்லை. ஓடினாள். வேர் தடுக்கியது, முட்டி சிராய்ந்தது, எழுந்து ஓடினாள். அதே சேறு, அதே இடம். டேப் ரெக்கார்டர் இல்லை. கைகளைக் குவித்தபடி, மழையில் தொப்பலாக நனைந்து நின்றான் ரோவன். சுற்றி ஒரு பறவைகூட இல்லை.

"என்ன பண்றீங்க இங்க?" மூச்சிரைக்கக் கேட்டாள்.

"குரல் நல்லா இல்லாதவன் அடுத்த வருஷமும் வரணும்ல..." சாம்பல் கண்கள் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. "உங்க குரல் விழுந்த அந்த டேப்பை நான் அழிக்கலை. தினமும் அதைப் போட்டுக் கேட்டுத்தான் பழகினேன்."

"பழகியுமா இந்த லட்சணம்?"

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. உதட்டில் வந்த சிரிப்பை இந்த முறை அடக்கிக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக்கூடாது. பயத்துல சிரிச்சேன் ரோவன்... எல்லாருக்கும் தெரிஞ்சுடுமேன்னு."

"என்ன தெரிஞ்சுடும்?"

அவள் குனிந்து முட்டியில் ஒட்டிய சேற்றைத் துடைத்தாள். அவன் தலையைத் தூக்கி வெறும் வானத்தைப் பார்த்தான். முகம் வாடிப் போயிற்று. "உங்கப்பா சொன்னது சரிதான். எவ்வளவு கூப்பிட்டும் ஒண்ணுகூட இறங்கலை."

இந்த முறை நீட்டாமலே கிடந்த அந்தக் கையைக் கோரலி தானே எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இறங்கி வந்துட்டேன். கண்ணு தெரியலையா?"