சிவக்காத பிடரி

காலை 11.05. தையல்காரரின் விரல்களிலிருந்து டம்ளர் நழுவி உருண்டது. மூன்று வாரங்களுக்கு முன் அதே டம்ளரைத் தானே தூக்கிக் குடித்தவர் அவர்.

மாடியிலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டவர். பிடரியில் பட்டைகளை ஒட்டி, மெல்லிய மின்சாரம் பாய்ச்சியபடியே பிசியோ கைப்பயிற்சி கொடுத்ததில் முதல் மாதம் விரல்கள் தேறின. பிறகு எல்லாம் தலைகீழ். கோப்பில் 'பயனில்லை' என்று எழுதியாயிற்று. பன்னிரண்டு மணிக்கு மருத்துவர் கையெழுத்துப் போட்டால் சிகிச்சை நின்றுவிடும்.

உடனிருந்து பார்த்துக்கொள்ளும் அவருடைய அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் காவல்துறையில் குப்பை கொட்டியவள். எதுவும் தானாகக் காணாமல் போகாது என்று அவளுக்குத் தெரியும்.

"கரண்ட் வைக்கும்போது தெரியுதாடா?"

"முன்னாடி குறுகுறுன்னு இருக்கும்க்கா. இப்ப ஒண்ணுமில்ல. பழகிப்போச்சுன்னு பிசியோ சொல்றார். நான் முயற்சியே பண்றதில்லையாம். சோம்பேறியாம்."

11.20. நர்ஸ்.

"மெஷினுக்கு தினமும் சார்ஜ் போடுறீங்களா?"

"முன்னாடி போடுவேன் மேடம். மூணு வாரமா எப்பப் பார்த்தாலும் சார்ஜ் முழுசா இருக்கு. புது பேட்டரின்னு நினைச்சேன்."

11.30. பிசியோ. கசங்காத சட்டை, கசங்காத முகம்.

"கரண்ட் போகுதா?"

"ஏத்திக்கிட்டேதான் இருக்கேன். சார்ட்டைப் பாருங்க."

அவர் கையெழுத்தில் தினமும் ஒரே வரி: 'பட்டைக்கடியில் தோல் சிவந்தது.'

11.50. மருத்துவர் அறை. அக்கா பட்டைகளைத் தன் முன்கையில் ஒட்டி, கருவியை உச்சத்துக்குத் திருகினாள். விளக்கு எரிந்தது. விரல் அசையவில்லை.

"இது வெறும் டப்பா, டாக்டர். நல்ல மெஷினை மாத்திட்டாங்க."

"நர்ஸ் மாத்தியிருக்கலாமே!" என்றார் பிசியோ.

"பட்டையைக் கழட்டின அஞ்சாவது நிமிஷம் தம்பி கழுத்தைத் துடைச்சு விடுறவ நான். முதல் மாசம் ரெண்டு சதுரமா சிவந்திருக்கும். மூணு வாரமா ஒரு தடமும் இல்ல. டப்பான்னு தெரியாதவர் 'சிவக்கலை'ன்னு உள்ளதை எழுதியிருப்பார். தெரிஞ்சவர்தான் சிவந்துச்சுன்னு புளுகுவார். எழுதினது நீங்க!"

பிசியோவின் முகம் பேயறைந்தாற்போல் ஆயிற்று. நல்ல கருவி தன் சொந்த கிளினிக்கில் இருப்பதை ஒப்புக்கொண்டார்.

"இவர் இனிமே தைக்கவா போறார்..." என்று முனகினார்.

"அதை முடிவு பண்ண நீ யாருய்யா?" அக்கா மேசையை அறைந்தாள். மருத்துவர் தலைகுனிந்து, 'பயனில்லை' என்பதை அடித்துவிட்டு, 'சிகிச்சை தரப்படவில்லை' என்று எழுதினார்.

பகல் 2.15. கருவி திரும்பி வந்தது. பிடரியில் மின்சாரம் ஏறியது.

"குறுகுறுங்குதுக்கா!"

தையல்காரர் சிரிக்கவில்லை. போலீசுக்காக வாசலில் உட்கார வைத்திருந்த பிசியோவைப் பார்த்துக் கத்தினார்:

"மூணு வாரமா என்னை என்மேலயே சந்தேகப்பட வச்சிட்டியேய்யா!"