கண்ணீர்த் தள்ளுபடி

படம் விட்டு வெளியே வருகிறவர்களிடம் தியேட்டர்க்காரன் கேட்கிற முதல் கேள்வி, "வீட்டு ஆளுங்க மொகம் ஞாபகம் இருக்கா?" என்பதுதான். தலையாட்டினால் போகலாம்.

நரம்புத்திரை வந்த பிறகுதான் இந்தக் கூத்து. படம் திரையோடு நிற்காமல் கண் வழியே நுழைந்து நரம்புக்குள்ளேயே ஓடும். மூளையோ, மங்கிப்போன பழைய முகத்தைத் தள்ளிவிட்டு, அதே உறவில் வருகிற பளிச்சென்ற புது முகத்தை வைத்துக்கொள்ளும். பழைய புடவையைப் பாத்திரக்காரனிடம் போடுகிற புத்தி. அதனால் அனிமேஷன் முகங்களுக்கு 'நினைவுக்கோடு' என்று ஓர் எல்லை வைத்தார்கள். நாயை மயிர்மயிராக வரையலாம், மழையைத் துளித்துளியாக வரையலாம். அப்பா முகமும் புருஷன் முகமும் மட்டும் கொஞ்சம் கலங்கலாகவே இருக்க வேண்டும்.

எந்தப் படத்தில் ஒரு முகத்தை எத்தனை புள்ளிகளால் வரையலாம் என்று தீர்மானிக்கும் நுணுக்கர் வேலை செண்பகவல்லிக்கு. சாலிகிராமத்தில் மாடி வீட்டுக்காரி. கணவர் சிதம்பரநாதன் இறந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை என்று கீழ்வீட்டுப் புஷ்பகலா தெரு முழுக்கச் சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடி, அவர் முகத்தோடு செண்பகவல்லி தினமும் பேசுவதும் புஷ்பகலா காதில்தான் விழுந்தது. அதை மட்டும் ஏனோ அவள் வெளியே சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில்தான் இயக்குநர் ஃபெலிக்ஸ் ஒரு காட்சியோடு வந்தான். பஸ் ஸ்டாண்டில் கணவன் தூரத்தில் நிற்கிறான். கேமரா மெல்ல அவன் முகத்துக்கு நெருங்கிப் போகிறது. தூரத்துக்குத் தக்கபடி வரைந்தால், நெருங்கும்போது முகம் செங்கல் செங்கலாக உடையும். நெருக்கத்துக்குத் தக்கபடி வரைந்தால் நினைவுக்கோட்டைத் தாண்டும்.

"பொண்டாட்டி கடைசியா பாக்குற பார்வை இது, அக்கா. மூஞ்சி செவத்துல சாணி அப்புன மாதிரி இருந்தா எவன் அழுவான்?"

"கோடு இருக்கே தம்பி."

"கண்ணீர்த் தள்ளுபடி போட்டுக்கங்க. ஊர்ல எல்லாரும் போடுறதுதானே?"

அழுகிற கண்ணுக்குப் பாதிப் புள்ளி தெரியாது. அதனால் சோகக் காட்சிக்கு மட்டும் கோட்டுக்கு மேலே ஏற்றிக்கொள்வது தொழில் வழக்கம். செண்பகவல்லி ஏற்றினாள். முகம் எங்காவது உடைகிறதா என்று சோதிக்க வேண்டுமே! நுணுக்கர்கள் தங்கள் நினைவைக் காத்துக்கொள்ளப் போட்டுக்கொள்ளும் மங்கல்கண்ணாடி வழியே அது தெரியாது. கழற்றி வைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஊரெல்லாம் அழும் என்று கணக்குப் போட்டவளுக்கு, தான் அழமாட்டோம் என்பது கணக்கில் வரவில்லை.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. புஷ்பகலா முந்தானை நனைய அழுதுவிட்டு வந்தாள். அழுத புண்ணியத்தில், துபாயில் இருக்கிற அவள் புருஷன் மூக்கும் முழியுமாக அப்படியே நினைவில் இருந்தான்.

மறுநாள் காலையில் செண்பகவல்லி கீழே இறங்கி வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த வாசலை மிதித்ததில்லை.

"புஷ்பகலா, எங்க வீட்டுக்காரர் மொகம் எப்படி இருக்கும்?"

"என்னக்கா இது? ஹால்ல போட்டோ மாட்டியிருக்கீங்களே!"

"அது யாரோ மாதிரி இருக்கு."

புஷ்பகலா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மாடிப்படியில் யார் ஏறுகிறார்கள் என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த பழக்கம் அன்றைக்குத்தான் உதவியது.

"எடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும்க்கா. சிரிச்சா வலது கன்னம் மட்டும் குழியும். அதுவும் கொஞ்சமாத்தான்."

செண்பகவல்லி கண்ணை மூடினாள். பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த படத்துக் கணவன், இமைமயிர் ஒவ்வொன்றும் துலங்க, அவளையே பார்த்தான். அவன் இடது புருவத்தில் அந்த வெட்டைப் போட்டுப் பார்த்தாள். அவள் கொடுத்த புள்ளிகள்தான். இடுக்கில்லாமல் நெருக்கியடித்து நின்றன. ஒரு கீறலுக்கும் இடம் விடவில்லை.

"நிக்க மாட்டேங்குதுடி," என்றாள். "இன்னொரு வாட்டி சொல்லு."